கொல்லாத வேட்டை

என் வீட்டுக் கூடத்தில், புத்தக அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒரு படம் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் யாரும் அதைப் பார்க்காமல் போவதில்லை. விரிந்த புல்வெளி. அதில் ஒரு கறையான் புற்று. புற்றின்மேல் ஒரு சிவிங்கிப்புலி உட்கார்ந்திருக்கிறது. இளவெயில் அதன் முதுகில் பொன் பூசியிருக்கிறது. முகத்தைச் சற்றே திருப்பி, தொலைவில் எதையோ பார்க்கிறது. சிவிங்கியின் கண்ணோரத்திலிருந்து வாய்வரை ஒரு கறுப்புக் கோடு இறங்கும். அந்த ஜாதிக்கே பிறவியில் அமைந்த கோடு அது. அதைப் பார்த்துவிட்டு, "அழுகிற மாதிரி இருக்கிறதே!" என்பார்கள். "நீங்களே எடுத்ததா?" என்பார்கள். "ஆமாம்" என்பேன். என் நாவல்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாதவர்கள்கூட இந்தப் படத்தைப் புகழாமல் போனதில்லை.

அது எதைப் பார்க்கிறது என்று மட்டும் இதுவரை யாரும் கேட்கவில்லை. கேட்டால் உண்மையைச் சொல்வேனா என்பது எனக்கே நிச்சயமில்லை. ஆகவே, கேட்காத உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

என் மைத்துனன் நைரோபியில் ஒரு கம்பெனியில் கணக்கு அதிகாரியாக இருக்கிறான். பத்து வருஷமாக, "அத்தான், ஒரு முறை வந்துவிட்டுப் போங்கள். சிங்கத்தை வண்டலூரில் பார்ப்பது ஒரு பார்வையா?" என்று அழைத்துக்கொண்டே இருந்தான். அவன் அக்காவுக்கு முழங்கால் வலி. விமானத்தில் அத்தனை நேரம் உட்கார முடியாது என்று சொல்லிவிட்டாள். ஓர் ஆகஸ்டு மாதம் நான் மட்டும் புறப்பட்டேன். போய் இறங்கியதும் அவன் என் கழுத்தில் ஒரு காமிராவை மாட்டினான். அதன் லென்ஸ் எங்கள் ஊர்க் கோயில் நாகஸ்வரத்தில் பாதி நீளம் இருக்கும். கனமும் அப்படித்தான்.

சஃபாரி என்பது ஸ்வாஹிலி மொழியில் பயணம். அரபியிலிருந்து அங்கே போன சொல். நம் ஊர் முஸ்லிம் அன்பர்கள் 'சபர்' என்கிறார்களே, அதன் உடன்பிறப்பு. நாம் அதை ஒரு காலத்தில் மாப்பிள்ளைகள் தைத்துக்கொண்ட அரைக்கைச் சட்டைக்குப் பெயராக்கினோம். உலகத்தில் மற்றவர்கள் காட்டு விலங்கைத் தேடிப் போவதற்குப் பெயராக்கிவிட்டார்கள்.

நைரோபியை விட்டுப் பிளவுப் பள்ளத்தாக்கில் இறங்கி, நாரோக் என்ற ஊரைத் தாண்டி, எலும்பெல்லாம் குலுங்க மசாய் மாராவுக்குப் போய்ச் சேர்ந்தோம். மாரா என்றால் மசாய் மொழியில் புள்ளி விழுந்தது என்று பொருளாம். வெளிறிய புல்லின்மேல் அங்கொன்றும் இங்கொன்றுமாக மரங்கள் நிற்பதைப் பார்த்தபோது, பெயர் வைத்தவன் கவிஞன்தான் என்று தோன்றியது. ஜூலை ஆகஸ்டில் தெற்கே செரங்கெட்டியிலிருந்து நூ என்ற காட்டு மாடுகள் லட்சக்கணக்கில் மாராவுக்கு வருகின்றன. அவற்றின் பின்னால் சிங்கங்கள் போகின்றன. சிங்கங்களின் பின்னால் நாம் போகிறோம்.

முதல் நாள் சிங்கம் பார்த்தோம். தூங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் வேறு சிங்கங்கள் பார்த்தோம். அவையும் தூங்கின. சிங்கம் ஒரு நாளில் 20 மணி நேரம்வரைகூடச் சோம்பிக் கிடக்குமாம். பள்ளிக்கூடப் புத்தகத்தில் காட்டுக்கு ராஜா என்று படித்தோமே, அந்த விஷயத்தில் ராஜாதான். முதலில் எனக்கு அதைப் பார்ப்பதே பெரிய விஷயமாக இருந்தது. ஒரு தாய்ச் சிங்கம் காலைத் தூக்கி மற்றொன்றின் முகத்தின்மேல் போட்டுக்கொண்டு தூங்கியது. எங்கள் வீட்டில் குழந்தைகள் பாயில் தூங்குவது போலவே இருந்தது. அரைமணி நேரம் மெய்மறந்து பார்த்தேன். இரண்டாம் நாள் மாலையில் அது போதவில்லை. விடுதியில் சாப்பிடுகிறபோது பக்கத்து மேஜையில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி தாங்கள் கண்ட வேட்டையைப் படம் படமாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள். என் மைத்துனன் எட்டிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டான். நான் சொன்னேன்: "நமக்கு ஒன்றுமே நடக்கவில்லையே, தம்பி. நாளைக்காவது ஏதாவது நடக்குமா?"

இதைச் சொன்னவன் பிறவியிலிருந்து மாமிசம் தொடாதவன். மீன்காரி தெருவில் வந்தால் திண்ணையை விட்டு உள்ளே போகிறவன். 'ஏதாவது' என்று நான் சொன்னது எதை? ஒரு மானின் சாவைத்தான். அன்று அது என் காதில் அப்படி விழவில்லை. தட்டில் இருந்த தயிர்ச் சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டே அந்தப் பிரார்த்தனையைச் செய்தேன்.

மூன்றாம் நாள் விடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். டிரைவரின் ரேடியோவில் ஸ்வாஹிலியில் பரபரவென்று பேச்சு. 'டூமா' என்ற சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. சிவிங்கி என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்திருந்தார். எங்கள் டிரைவர் மசாய் வகுப்பைச் சேர்ந்தவர். நாற்பது வயது இருக்கலாம். அதிகம் பேசமாட்டார். என்னை 'ம்ஸே' என்று அழைப்பார். பெரியவரே என்று அர்த்தம்.

நாங்கள் போனபோது ஐந்தாறு வண்டிகள் நின்றன. பிறகு வந்துகொண்டே இருந்தன. எண்ணிப் பார்த்தேன், பதினேழு. ஒரு விலங்கைச் சுற்றி ஒரே சமயத்தில் ஐந்து வண்டிகளுக்கு மேல் நிற்கக்கூடாது என்று அங்கே விதி இருக்கிறது. அது எங்களுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

தாய் ஒன்று, குட்டிகள் மூன்று. தாயின் வயிறு ஒட்டி, விலா எலும்பு தெரிந்தது. "சாப்பிட்டு இரண்டு நாளாவது ஆகியிருக்கும்" என்றார் டிரைவர். அது குட்டிகளைப் புதரடியில் விட்டுவிட்டு, தலையைத் தாழ்த்திக்கொண்டு புல்லில் நடந்தது. இருநூறு கஜத்துக்கு அப்பால் சிறு மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. சிவிங்கி வைத்த காலை எடுக்காமல் நிற்கும். ஒரு மான் தலையைக் குனிந்தால் இன்னும் இரண்டடி வைக்கும். மறுபடியும் சிலையாகும். ஒரு தாய், உலையை ஏற்றிவிட்டு அரிசிக்காகப் பக்கத்து வீட்டு வாசலில் தயங்கித் தயங்கி நிற்பாளே, எனக்கு ஏனோ அந்த ஞாபகம் வந்தது.

சூரியன் எங்களுக்கு எதிரே இருந்தது. காமிராவில் சிவிங்கி வெறும் நிழலாகத் தெரிந்தது. "அத்தான், அந்தப் பக்கம் போய்விட்டால் வெளிச்சம் பிரமாதமாக இருக்கும்" என்றான் மைத்துனன். நான் டிரைவரின் தோளைத் தொட்டேன்.

அவர் திரும்பிப் பார்த்துத் தணிந்த குரலில் சொன்னார்: "ம்ஸே, அவள் வேலை செய்துகொண்டிருக்கிறாள்."

"கொஞ்சம்தான். மெதுவாகப் போகலாம்" என்றேன் நான்.

அவர் மறுபடியும் ஒன்றும் சொல்லவில்லை. சாவியைத் திருப்பினார். தடத்தை விட்டு எங்கள் வண்டி புல்லில் இறங்கியது. அதுவும் விதிப்படி கூடாத காரியம். எங்களைப் பார்த்து இன்னொரு வண்டி இறங்கியது. அதைப் பார்த்து மூன்றாவது. மான்கள் ஒரே சமயத்தில் தலையைத் தூக்கின. அடுத்த கணம் அவை அங்கே இல்லை. சிவிங்கி நாலு பாய்ச்சல் ஓடியது. பயனில்லை என்று தெரிந்து நின்றது. பிறகு மெல்ல நடந்து ஒரு கறையான் புற்றின்மேல் ஏறி உட்கார்ந்து, அவை போன திசையைப் பார்த்தது. வெயில் அதன் முதுகில் விழுந்தது.

என் மைத்துனன் சொன்னது சரிதான். வெளிச்சம் பிரமாதமாக இருந்தது.

டிரைவர் இஞ்சினை நிறுத்தியபோது புதரடியிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. குருவிக் குஞ்சு கத்துவது போல. சிவிங்கிக் குட்டிகள் அப்படித்தான் தாயைக் கூப்பிடுமாம்.

திரும்பும் வழியில் என் முகம் வாடியிருந்ததைப் பார்த்து மைத்துனன் ஆறுதல் சொன்னான். "ஏன் அத்தான் இப்படி இருக்கிறீர்கள்? கணக்குப் பார்த்தால் இன்று நீங்கள் ஒரு மானின் உயிரைக் காப்பாற்றியிருக்கிறீர்கள். சைவர் செய்யவேண்டிய காரியத்தைத்தானே செய்தீர்கள்!" கணக்கு அதிகாரி அல்லவா, வரவுப் பக்கத்தை முதலில் பார்த்துவிட்டான்.

இந்தக் கேள்வியை அன்று முதல் நான் விட்டபாடில்லை. மான் பிழைத்தது உண்மை. அது எனக்குப் புண்ணியமா? மானைக் காக்கவேண்டும் என்ற எண்ணம் எனக்கு எள்ளளவும் இல்லை. சொல்லப்போனால் அது சாகவேண்டும் என்றுதான் முந்தின இரவு விரும்பினேன். ஒருவன் திருடப் போகும்போது இருட்டில் கால் தடுக்கிப் பாம்பின்மேல் விழுந்து, பாம்பு செத்து, வீட்டுக்காரன் பிழைத்தால், திருடனுக்கு மாலை போடுவீர்களா? எண்ணாமல் நேர்ந்த நன்மையை நம் கணக்கில் எழுதிக்கொள்வதானால், எண்ணாமல் நேர்ந்த தீமையையும் எழுதிக்கொள்ளத்தான் வேண்டும். அந்தக் குட்டிகள் அன்று பட்டினி கிடந்தன. அதை யார் பேரில் எழுதுவது?

சிபிச் சக்கரவர்த்தியின் கதை நம் குழந்தைகளுக்கெல்லாம் தெரியும். பருந்துக்கு அஞ்சி மடியில் விழுந்த புறாவைக் காத்தான், சோழர் குலத்துக்கு முன்னோன் என்று சொல்லிக்கொடுக்கிறோம். சின்ன வயதில் எனக்குப் புறாதான் பெரிதாகத் தெரிந்தது. மாராவிலிருந்து வந்த பிறகு அந்தக் கதையில் பருந்து பெரிதாகிவிட்டது. பருந்து என்ன கேட்டது? "இது என் ஆகாரம். நீ தர்மம் செய்தால் நான் பட்டினி கிடப்பதா?" என்று கேட்டது. சிபி அதை விரட்டியிருக்கலாம். ராஜாவுக்கு அது பெரிய காரியமில்லை. அவன் தராசைக் கொண்டுவரச் சொன்னான். பருந்தின் பசியும் நியாயமே என்று ஒப்புக்கொண்டு, தன் சதையை அரிந்து வைத்தான். புறாவைக் காத்தவர்கள் பலர் இருந்திருப்பார்கள். பருந்துக்குப் பதில் சொன்னவன் அவன் ஒருவன்தான். நானோ தராசும் இல்லாமல், ஒரு விரல் நுனிச் சதையும் கொடுக்காமல், நடுவே வண்டியை ஓட்டிவிட்டு, ஒரு படத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

"துப்பாக்கிக்குக் காமிரா எவ்வளவோ மேல்" என்பார்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற தியோடர் ரூஸ்வெல்ட் 1909இல் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு வந்தார். கூடவே அவர் மகன் கெர்மிட். தகப்பனும் பிள்ளையுமாகச் சுட்ட விலங்குகள் 512. ரூஸ்வெல்டே எண்ணி எழுதி வைத்திருக்கிறார். பெரும்பாலானவை மியூசியத்துக்காக என்றார்கள். அந்தப் பிரயாணத்தில் கெர்மிட் ஒரு கையில் துப்பாக்கியும் ஒரு கையில் காமிராவுமாகத்தான் திரிந்தார். அவருக்கும் முன்னால், கார்ல் ஷில்லிங்ஸ் என்ற ஜெர்மானியர் இரவில் திடீரென்று வெளிச்சத்தைப் பாய்ச்சிச் சிங்கங்களைப் படம் பிடித்தார். சிங்கத்தை வரவழைக்க இரையைக் கட்டிவைத்தார். அவர் 1905இல் வெளியிட்ட புத்தகத்தின் பெயரிலேயே வெளிச்சமும் துப்பாக்கியும் கைகோத்து நிற்கின்றன. காமிரா துப்பாக்கிக்கு எதிரியாகப் பிறக்கவில்லை, தம்பியாகப் பிறந்தது. பிறகுதான் அண்ணனை வீட்டை விட்டு அனுப்பியது. கென்யாவில் 1977இல் வேட்டையையே சட்டம் போட்டு நிறுத்திவிட்டார்கள்.

அண்ணன் போனாலும் குடும்ப பாஷை போகவில்லை. இங்கிலீஷ்காரர் படத்தைச் 'சுடுகிறார்கள்'. நாம் படம் 'பிடிக்கிறோம்'. படம் 'எடுக்கிறோம்' என்றும் சொல்கிறோம். அதை நல்ல பாம்பும் செய்கிறது.

துப்பாக்கியை விடக் காமிரா மேல் என்று ஒப்புக்கொண்ட பிறகும் ஒரு விஷயம் என்னை உறுத்துகிறது. துப்பாக்கிக்காரன் ஒரு விலங்கை ஒரு முறைதான் வேட்டையாட முடியும். கொடிய காரியம்தான். ஆனால் அதோடு முடிந்தது. காமிராக்காரன் வேட்டையாடிய விலங்கு மறுநாளும் உயிரோடு இருக்கிறது. ஆகவே மறுநாளும் வேட்டையாடலாம். காலையில் ஆறு மணிக்கு ஒரு முறை, மாலையில் நாலு மணிக்கு ஒரு முறை. சிங்கத்துக்கும் சிறுத்தைக்கும் இரவு என்று ஒரு மறைவிடம் உண்டு. சிவிங்கி பெரும்பாலும் பகலில் வேட்டையாடுகிற பிராணி. இரவில் சிங்கமும் கழுதைப்புலியும் நடமாடுவதால் பகலுக்கு ஒதுங்கி வந்தது என்கிறார்கள். அந்தப் பகலில் நாம் போய் நின்றுகொண்டோம்.

இதெல்லாம் எழுத்தாளனின் மனப்பிராந்தி என்று நீங்கள் நினைக்கலாம். ஃபெம்கே புரூக்ஹாய்ஸ் என்ற பெண் விஞ்ஞானி மாராவில் சில ஆண்டுகள் சிவிங்கிகளைத் தொடர்ந்து கவனித்து, 2018இல் தம் ஆராய்ச்சியை வெளியிட்டார். பிரயாணிகள் குறைவாக வருகிற இடங்களில் ஒரு தாய்ச் சிவிங்கி ஓர் ஈற்றில் சராசரி 2.3 குட்டிகளை வளர்த்து ஆளாக்குகிறது. பிரயாணிகள் மொய்க்கிற இடங்களில் 0.2. அதாவது, ஐந்து முறை ஈன்றால் ஒரு குட்டி தேறும். வண்டி ஏறிக் குட்டிகள் செத்ததாக அவர் சொல்லவில்லை. யாரும் எதையும் கொல்லவில்லை. வேட்டை தவறுகிறது, தாயின் மனம் கலைகிறது, பிடித்த இரையும் பறிபோகிறது, இப்படி ஏதோ ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ந்து இந்த நிலை வந்திருக்கலாம் என்பது அவர் ஊகம். சிவிங்கி ஓடிப் பிடித்த பிறகு மூச்சு வாங்கவே வெகு நேரம் ஆகும். இளைத்துக் கிடக்கிற அந்த நேரத்தில் கழுதைப்புலி வந்தால் இரையை விட்டுவிட்டு விலகிவிடும். பதினேழு வண்டிகள் ஓரிடத்தில் கூடினால், அங்கே ஏதோ நடக்கிறது என்று கழுதைப்புலிக்குத் தெரியாதா? நம் ஊரில் ஒரு வீட்டு வாசலில் பதினேழு கார் நின்றால் நமக்குத் தெரியாதா?

உலகம் முழுவதிலும் காட்டில் மிஞ்சியிருக்கிற வளர்ந்த சிவிங்கிகள் ஏழாயிரத்துக்குள் என்கிறார்கள். நம் தேசத்திலும் சிவிங்கி இருந்தது. மொகலாயர்கள் அதைப் பழக்கி மான் வேட்டைக்கு அழைத்துப் போனார்கள். 1947இல் மத்திய இந்தியாவில் ஒரு மகாராஜா ஒரே இரவில் மூன்றைச் சுட்டார். அவைதான் கடைசி என்று சொல்கிறார்கள். 1952இல் இனி இல்லை என்று அரசாங்கமே அறிவித்தது. எழுபது வருஷம் கழித்து 2022இல் நமீபியாவிலிருந்து எட்டை விமானத்தில் வரவழைத்துக் குனோ காட்டில் விட்டோம். ஆகவே ஆப்பிரிக்காக்காரனுக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை நமக்கு இல்லை. நான் சொல்லவும் இல்லை. என்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

என் மைத்துனனுக்கு இன்னொரு வாதம் இருந்தது. அது முந்தினதை விட வலுவானது. "நாம் கட்டுகிற பணம் இல்லாவிட்டால் அங்கே சிவிங்கியே இருக்காது அத்தான். வேலி போட்டுக் கோதுமை விதைத்திருப்பார்கள்" என்றான். இதை நான் மறுக்கமாட்டேன். மாராவின் எல்லைக்கு வெளியே சுற்றிலும் உள்ள நிலம் மசாய் குடும்பங்களுக்குச் சொந்தம். அவர்களில் பலர் நிலத்தை வனவிலங்குக்கென்று விட்டுவிட்டு, விடுதிக்காரர்களிடம் மாதா மாதம் வாடகை வாங்குகிறார்கள். இத்தனை ஏக்கருக்கு இத்தனை விடுதிதான், இத்தனை வண்டிதான் என்று அங்கே கணக்கு உண்டு. 2020இல் கொள்ளைநோயால் பிரயாணிகள் வராமல் போனபோது அந்த வாடகை குறைந்து குடும்பங்கள் தவித்தன. என் கழுத்தில் தொங்கிய காமிராவுக்கும் யாரோ ஒரு குழந்தையின் பள்ளிக்கூடச் சம்பளத்துக்கும் சம்பந்தம் இருக்கிறது. பார்க்க வருகிறவன் இல்லாவிட்டால், காப்பதற்கும் ஆள் இல்லை. மெய்தான்.

ஆனால் பணம் கொடுத்தவனுக்கு ஒரு குணம் வந்துவிடுகிறது. கோயிலில் சிறப்புத் தரிசன டிக்கெட் வாங்கியவரைப் பார்த்திருக்கிறீர்களா? திரை போட்டிருந்தால் அவருக்குக் கோபம் வரும். "நூறு ரூபாய் கொடுத்திருக்கிறேன், இன்னும் திறக்கவில்லையே" என்பார். அர்ச்சகர் சங்கடத்தோடு நெளிவார். சுவாமி தனக்குக் கடன்பட்டிருப்பதாக அந்த அன்பர் நினைக்கிறார். இரண்டாம் நாள் இரவு "ஒன்றுமே நடக்கவில்லையே" என்று நான் சொன்னது அந்தக் குரலில்தான். காட்டைக் காக்கிற பணமும் அந்த வண்டியைப் புல்லில் இறக்கிய பணமும் ஒரே பையிலிருந்துதான் வந்தன. கொல்கிறவனோடு நிறுத்தாமல், வாங்கித் தின்கிறவனையும் பிடித்து நிறுத்திக் கேட்டவர் வள்ளுவர். டிரைவர் விதியை மீறினார் என்று நான் எழுதினால் அது பொய். அவர் சொல்லிப் பார்த்தார். நான் வாங்க வந்தவன். எனக்கு வேண்டியதைக் கேட்டேன்.

படத்தைச் சுற்றி மாட்டுகிற மரத்தையும் சட்டம் என்கிறோம், நாட்டை ஆளுகிற விதியையும் சட்டம் என்கிறோம். என் வீட்டுப் படத்தின் சட்டத்துக்குள் வண்டி ஒன்றுகூட இல்லை. உண்மையில் ஓரத்தில் ஒரு வண்டியின் சக்கரம் விழுந்திருந்தது. படத்தைப் பெரிதாக்கிக் கொடுத்த கடைக்காரர், "இது எதற்கு சார், அசிங்கமாக" என்று வெட்டிவிட்டார். அந்தப் பிரதேசத்துப் படங்கள் பலவற்றை இப்போது நான் அப்படித்தான் பார்க்கிறேன். எதை வெட்டியிருக்கிறார்கள் என்று. செரங்கெட்டிப் பூங்காவுக்காக மசாய் மக்களை 1959இல் வெளியே அனுப்பினார்கள். அங்கே எடுக்கிற படங்களில் மனிதன் இல்லாத ஆதி பூமி என்று எழுதுகிறார்கள். மாராவில் சதுப்பு நிலச் சிங்கக் கூட்டம் என்று ஒன்று உண்டு. டெலிவிஷனில் வந்து உலகப் புகழ் பெற்ற கூட்டம். அதில் பீபி என்ற பெண்சிங்கத்தை லட்சக்கணக்கானவர்கள் தங்கள் வீட்டுப் பெண்போல நேசித்தார்கள். 2015 டிசம்பரில் அது விஷத்தால் செத்தது. கூட்டத்தில் இன்னும் சிலவும் செத்தன. மாட்டைப் பறிகொடுத்தவர்கள் செத்த மாட்டில் விஷம் வைத்துவிட்டார்கள். உலகமே பீபிக்காக அழுதது. அழுதது சரிதான். அந்த மாடுகளுக்கும் பெயர் இருந்திருக்கும். மாடு வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். பெயர் வைக்காமல் இருக்கமாட்டார்கள்.

காமிராவைப் பழித்துவிட்டுப் பேனாவைத் தப்பவிடலாகாது. பல வருஷங்களுக்கு முன் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் இளவயதுப் பிள்ளை இறந்துபோனான். துக்கத்துக்குப் போனேன். எல்லோரையும் போலத் திண்ணையில் உட்கார்ந்தேன். உள்ளே தாய், அழாமல், அவன் சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கண் கலங்கியது. கலங்கின கண்ணோடே, "இதை மறக்கக்கூடாது" என்று மனத்தில் குறித்துக்கொண்டேன். ஆறு மாதத்தில் அது ஒரு கதையாக வந்தது. பாராட்டுக் கடிதங்கள் குவிந்தன. அந்த அம்மாளும் படித்திருக்கிறாள். ஒரு நாள் என் மனைவியிடம், "உங்கள் வீட்டுக்காரர் நன்றாக எழுதியிருக்கிறார்" என்று சொன்னாளாம். அதன்பிறகு அவள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

அவளால் வராமல் இருக்க முடிந்தது. சிவிங்கிக்கு அந்த வசதி இல்லை.

அப்படியானால் பார்க்கவே கூடாதா, எழுதவே கூடாதா என்று கேட்பீர்கள். அப்படிச் சொல்ல எனக்குத் துணிவில்லை. நாவலாசிரியர் மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் வாழ்நாளெல்லாம் நம் காடுகளில் யானைகளையும் மற்ற விலங்குகளையும் பார்த்தார், படம் எடுத்தார், எழுதினார். எல்லாம் கறுப்பு வெள்ளை. அவருடைய படங்கள் சிலவற்றை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். யானை தின்கிறது, நடக்கிறது, கன்றோடு நிற்கிறது. என் பாஷையில் சொன்னால் 'ஒன்றும் நடக்கவில்லை'. அப்படிப் பார்ப்பதற்கு ஒரு ஆயுள் கையில் இருக்கவேண்டும். என் கையில் இருந்தது நான்கு நாள் டிக்கெட். இடத்தை விட நேரம்தான் கஷ்டம் போலும். நேரம் இல்லாதவன்தான் கிட்டப் போகச் சொல்கிறான்.

அன்று மாலை நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மறுபடியும் கிளம்பினோம். தனியாக நின்ற ஒரு மரத்தடியில் டிரைவர் வண்டியை நிறுத்தினார். வரிக்குதிரைகள் மேய்ந்தன. பேச்சு எதுவும் இல்லை. காலையில் கண்ட தாய்க்கு அதன்பின் இரை கிடைத்ததா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் ரேடியோ கரகரத்தது. சிங்கங்கள் காட்டெருமையைப் பின்தொடர்கின்றன, பத்து நிமிஷத்தில் போய்விடலாம் என்றார். கை சாவியின்மேல் இருந்தது. மைத்துனன் காமிராவை மடியில் எடுத்து வைத்துக்கொண்டுவிட்டான்.

"எத்தனை வண்டிகள் நிற்கின்றன என்று கேளுங்கள்" என்றேன்.

கேட்டார். "ஒன்பது, ம்ஸே."

"அப்படியானால் வேண்டாம். இங்கேயே இருக்கலாம்."

மைத்துனனின் முகம் விழுந்துவிட்டது. பாவம், லீவு போட்டு வந்தவன். டிரைவர் சாவியிலிருந்து கையை எடுத்தார். வெகு நேரம் முன்னால் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நான் மனம் மாறிவிட்டதை அவர் புரிந்துகொண்டு மகிழ்வார் என்று எனக்குள் ஒரு சின்னப் பெருமை இருந்தது. வெயில் சாயத் தொடங்கியபோது அவர் என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தில் கவலைதான் இருந்தது. விடுதியில் அவருக்கு மாதச் சம்பளம் சொற்பம், போகிறபோது பிரயாணிகள் கொடுக்கிற இனாம்தான் பெரிது என்று மைத்துனன் முன்பே சொல்லியிருந்தான்.

"ம்ஸே, காலையில் நடந்ததற்காக என்மேல் வருத்தப்படாதீர்கள்" என்றார் அவர். "நாளைக்கு நிச்சயம் ஒரு வேட்டை காட்டிவிடுகிறேன்."